ஹிமேஜியின் வெள்ளைப் பூச்சு

ஜப்பானின் ஹிமேஜி கோட்டைக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து அதன் உயரத்தை வியக்கிறார்கள். மரச்சட்டங்களை மூடி நிற்கும் காரையைக் கிட்டப்போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. நீற்றிய சுண்ணாம்பு, பொடியாக நறுக்கிய நார், கடற்பாசியைக் காய்ச்சி வடித்த பசை: ‘ஷிக்குய்’ எனும் அந்தச் சாந்தின் சேர்மானம் இவ்வளவுதான். பாசிப்பசை ஈரம் சட்டென்று வற்றிவிடாமல் பிடித்து வைக்கிறது. நார் வெடிப்பைத் தடுக்கிறது. தயிர்போல் குழைந்த சாந்தைக் கொத்தனார் கரணையில் அள்ளி, மெல்லிய சர்ரென்ற ஓசையோடு இழுக்கிறார். ஒரு பூச்சு பதமாக இறுகும்வரை அடுத்த பூச்சுக்கு அவசரம் காட்டுவதில்லை. எப்போது மறுபடி தேய்க்கலாம் என்பதை அவருடைய மணிக்கட்டு அறியும். பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி, சுண்ணாம்பு மெல்ல மெல்லக் கல்லாகிறது. உள்ளிருக்கும் மரத்துக்குத் தீயிலிருந்து அதுவே காப்பு.

கூரையில்தான் வேலை நுணுக்கம் கூடுகிறது. ஓடுகள் சேரும் இடமெல்லாம் காரையை மேடாகக் குவித்து வழித்துவிடுகிறார்கள். காற்று ஓட்டைப் பெயர்க்காது, மழையும் இறங்காது. 2009இல் தொடங்கிய பெரும் பழுதுபார்ப்பு முடிந்து 2015இல் கோட்டை திறக்கப்பட்டபோது, கூரையே வெளுத்துக் கண்ணைக் கூசவைத்தது. அதன்பின் மழையும் பூஞ்சையும் ஓட்டு வரிகளைச் சாம்பல் நிறமாக்கின. அகன்ற இறவாரங்களுக்கு அடியிலுள்ள சுவர்களோ அவ்வளவு சீக்கிரம் நிறம் மங்குவதில்லை.