அறிதுயிலும் இன்புறு நிலையும்

தாம்பரத்திற்கு அணித்தாகிய பல்லாவரத்தில், 1911ஆம் ஆண்டு கல்லூரிப் பணி விடுத்துக் குடியேறிய மறைமலையடிகள் 1922இல் வெளியிட்டது 'யோகநித்திரை அல்லது அறிதுயில்' என்னும் நூல். நோயாலும் கவலையாலும் நைவார்க்கு அது கூறும் அமைதி நற்றுணையாம். ஆயினும், அவ்வமைதியே சிவானந்தம் எனக் கொள்வார் உளராயின் அது பொருந்தாது. என்னை? கருவிகள் ஒடுங்கிய துணையானே உயிர் பேரின்பம் எய்துமாயின், நாடோறும் உறங்குவாரெல்லாம் வீடு பெற்றவராதல் வேண்டும். கருவி நீங்கிய கேவலத்தில் உயிரை மூடி நிற்பது ஆணவ இருளே. ஆண்டுத் துன்பம் தோன்றாமையன்றி இன்பம் விளங்குதல் இல்லை. சுத்தத்திலோ, கருவிகள் அருளான் நீங்க, உயிர் அறிவு விளங்கிநின்று நுகரும். இரண்டும் புறத்தே ஒத்துத் தோன்றலின் மயக்கம் நிகழ்வது ஈண்டே. இதனை நாடாத சாதகன் இடைவழியிலேயே நின்றுவிடுவான்.

உமாபதிசிவனார் திருவருட்பயனின் பத்து அதிகாரங்களுள் 'இன்புறு நிலை'யை எட்டாவதாக, 'உயிர் விளக்க'த்தின் பின் வைத்தமையும் இதுபற்றியே போலும்.

அடிகள் சோமசுந்தர நாயகர்பால் சித்தாந்தங் கேட்டவர்; இவ்வேறுபாடு அறியாதவரல்லர். 'அறி' என்னும் அடை ஒருவாறு காப்பினும், நூற்பெயரிலுள்ள 'துயில்' என்னுஞ் சொல்லே கற்பாரைக் கேவலத்தின்பால் ஈர்ப்பது.