மலேரியாவில் மலை இல்லை

ஆசிரிய நண்பர்களே, ‘மலேரியா’ என்று வகுப்பில் சொன்னதும் ஒரு மாணவர், “மலையில வர்ற நோயா சார்?” என்று கேட்கலாம். ஒலி பொருந்துகிறதே என்று நாமும் தலையாட்டிவிடக் கூடாது. ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துக் கொண்டு சொல்லும் சொற்பிறப்பு தமிழுக்குப் பெருமை சேர்க்காது.

இந்தச் சொல்லின் பிறந்தகம் இத்தாலி. ‘மாலா’ என்றால் கெட்ட; ‘ஆரியா’ என்றால் காற்று. சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றால்தான் காய்ச்சல் வருகிறது என்று அங்குள்ளவர்கள் நம்பினார்கள். 1740-இல் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் தம் கடிதமொன்றில் இச்சொல்லை எழுதினார்.

அந்த நம்பிக்கை பின்னர் பொய்த்தது. 1880-இல் லாவெரான் நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897-இல் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் அதைக் கண்டார். நம் கிள்ளானிலும் மால்கம் வாட்சன் 1901 முதல் சதுப்பு நீரை வடியச் செய்து நோயைக் குறைத்தார். தப்பான காரணத்தைச் சுமந்த பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

தமிழில் இதற்கு ‘முறைக்காய்ச்சல்’ என்ற பெயர் உண்டு. விட்டுவிட்டு, முறை வைத்து வரும் காய்ச்சல். காரணத்தை ஊகிக்காமல், கண்டதைச் சொன்ன பெயர் பாருங்க! பெருமைப்பட இது போதாதா?

அடுத்த முறை இப்படி ஒரு சொல் வந்தால் மாணவரிடம் கேளுங்க: எந்த மொழியிலிருந்து வந்தது? எப்போது வந்தது? அன்று என்ன பொருள்? விடை தெரியலைன்னா, அவரோடு சேர்ந்து அகராதியைத் திறங்க.