பிடிக்கிற கைக்கு வராத கருவி

திண்டுக்கல் அருகே சிறுமலை அடிவாரத்தில் நிலம் வாங்கிப் பண்ணை போட்டிருப்பவர்கள் மத்தியில் கொஞ்ச காலமாக ஒரு பேச்சு ஓடுகிறது. சுவிட்சர்லாந்துக் கவாத்துக் கத்தரியும் ஜப்பான் ரம்பமும் விலை அதிகம்தான், ஆனால் ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் உழைக்கும். வருஷக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் சந்தையில் கிடைக்கும் இருநூறு, முந்நூறு ரூபாய்க் கத்தரியைவிட மலிவு. இயற்கை வேளாண்மைக் கூட்டங்களிலும் இதையே சிக்கனப் பாடமாகச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கு தப்பு என்பது என் நெடுநாள் கருத்து.

கருவிகளின் தரத்தில் எனக்குச் சண்டை இல்லை. 1945இல் தொடங்கிய சுவிஸ் நிறுவனமான ஃபெல்கோவின் கத்தரியில் அலகு, ஸ்பிரிங், திருகு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். பன்னீர் திராட்சைக் கொடியில் மொட்டுக்கு மேலே நசுங்காமல் வெட்டு விழுந்தால் காயம் சீக்கிரம் ஆறும். ஜப்பான் ரம்பம் இழுக்கும்போது வெட்டுவதால் அதன் அலகு மெல்லிசாக இருந்தாலும் வளைவதில்லை. ஆயக்குடிக் கொய்யாக் கிளையை மளமளவென்று அறுத்துவிடும். பொழுதெல்லாம் வெட்டுகிறவரின் மணிக்கட்டுக்கு இதெல்லாம் பெரிய ஆறுதல்.

அந்த மணிக்கட்டு யாருடையது என்பதைத்தான் ஆதரித்துப் பேசுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். திண்டுக்கல் சமவெளியில் கவாத்து வேலையைத் தோட்டக்காரர் செய்வதில்லை. வெள்ளோட்டுத் திராட்சைப் பந்தலானாலும், நவம்பர் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டப்படும் நிலக்கோட்டை மல்லிகையானாலும், காய்ப்பு முடிந்து மறுதாம்புக்கு வெட்டிவிடும் ஒட்டன்சத்திரத்து முருங்கையானாலும் வெட்டுவது கூலிக்கு வரும் ஆட்கள். மஞ்சள் பையில் சோற்றுத் தூக்கோடு அரிவாளும் கத்தரியும் ஒரு துண்டு அரமும் வைத்துக்கொண்டு வருகிறார்கள். இங்கே கைக்கருவி பிடிக்கிறவருடைய சொத்து. தோட்டம் மாறினாலும் அது கூடவே போகும்.

விலையுயர்ந்த கருவி இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குகிறது. அதை வாங்குகிறவர் நிலத்துக்காரர்; வாங்கியபின் அது அவர் பீரோவில் இருக்கிறது. விருந்தாளி வந்தால் வெளியே வருகிறது, ஞாயிற்றுக்கிழமை இரண்டு செம்பருத்திக் கிளையை வெட்டுகிறது, எண்ணெய் துடைத்து மறுபடி உள்ளே போகிறது. பந்தலுக்குக் கீழே நாளெல்லாம் கையைத் தூக்கியபடி வெட்டுகிறவருக்கு அதே இருநூறு ரூபாய்க் கத்தரிதான். நான் பார்த்த பண்ணைகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. கேட்டால், “தொலைச்சுட்டாங்கன்னா?” என்கிறார்கள். ஆயுசுக்கும் உழைக்கும் என்ற பேச்சு அப்போது எங்கே போகிறது? ஒரு கருவியின் விலையை அது கிடந்த வருஷங்களால் வகுப்பது கணக்கே இல்லை. அது போட்ட வெட்டுகளால் வகுக்க வேண்டும். அப்படி வகுத்தால், திண்டுக்கல்லில் இதுவரை வாங்கப்பட்டவற்றிலேயே விலை கூடிய கத்தரிகள் இவையாகத்தான் இருக்கும்.

சரி, தொழிலாளியே ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும் என்றால், கையில் அவ்வளவு பணம் ஏது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஜப்பான் ரம்பத்தின் பல்லைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பல்லின் நுனியும் கருநீலமாக இருக்கும். அதிர்வெண் மிகுந்த மின்சாரத்தால் அந்த நுனியை மட்டும் நொடிப்பொழுதில் சூடேற்றிக் கடினமாக்கியிருக்கிறார்கள். அதில் அரம் பிடிக்காது, வழுக்கும். மழுங்கினால் அலகையே மாற்ற வேண்டும். அலகு கூரியரில் வரவேண்டும். கவாத்து வேலை அதற்காகக் காத்திருக்காது. பழைய லாரியின் வில்பட்டையை வாங்கிக் காய்ச்சி அடித்த அரிவாளை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மரத்தடியில் உட்கார்ந்து தானே தீட்டிக்கொள்ளலாம். பிடி ஆடினால் பட்டறையில் கொடுத்து அன்று சாயங்காலமே வாங்கிவிடலாம். தீட்டத் தெரிந்த கைக்குத்தான் கருவி முழுதாகச் சொந்தம். தீட்ட முடியாத கருவியைக் கொடுப்பது, அந்தத் திறமையையும் அவரிடமிருந்து வாங்கிக்கொள்வதுதான்.

கைவேலைப்பாட்டுக்குக் காசு கொடுப்பதில் என்ன தப்பு, திண்டுக்கல் பூட்டுக்குக் கொடுப்பதில்லையா என்று ஒரு நண்பர் வாதாடினார். கொடுக்க வேண்டும், தாராளமாகக் கொடுக்க வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது. ஆனால் அதில் ஒரு வகையான மாங்காய்ப் பூட்டின் சாவி தொலைந்தால், பட்டறைக்காரர் உள்ளே நெம்புகோல் எப்படி நிற்கிறது என்று அரத்தால் ராவி ராவிப் பார்த்தே வேறு சாவி செய்துவிடுவார். அந்த விலையில் பழுதுபார்ப்பும் பக்கத்துத் தெருவும் சேர்ந்திருக்கின்றன. சுவிஸ் கத்தரியின் ஸ்பிரிங் பாத்தியில் விழுந்து காணாமல் போனால் நிலக்கோட்டையில் யாரிடம் போவது?

வாங்குகிறவர்கள் எல்லாரும் பகட்டுக்கே வாங்குகிறார்கள் என்று சொன்னால் கோபப்படுவார்கள். கோபப்படட்டும். வெட்டுகிற ஆட்கள் பத்துப் பேருக்கும் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தவரைக் காட்டினால் என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன். அதுவரை அந்தப் பணத்தைக் கூலியில் சேர்த்துக் கொடுப்பது மேல் என்பேன்.

வழி இல்லாமலும் இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் புல்டோசரையும் மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிலும் இயந்திர வாடகை மையம் நடத்துகிறார்கள். அதே இடத்தில் ஐம்பது நல்ல கத்தரிகளையும் மாற்று அலகு, ஸ்பிரிங் ஒரு பெட்டியையும் வைத்து, கவாத்து மாதங்களில் வெட்டுகிறவர் பெயரிலேயே, தோட்டக்காரர் பெயரில் அல்ல, நாள் வாடகைக்குக் கொடுக்கலாம். தொலைந்தால் என்ன செய்வது என்பதற்கு டிராக்டருக்கு ஒரு விதி வகுக்க முடிந்தவர்களுக்குக் கால் கிலோ கத்தரிக்கு ஒன்று வகுக்கத் தெரியாதா?