உறங்கும் சமந்தாவும் உறங்காத வினாவும்

பல்கலைக் கழக அலுவலகங்களுக்கு வந்து சேரும் விண்ணப்பங்களுள் விலக்குக் கோரும் விண்ணப்பமும் ஒன்று. 'இக்கட்டாயப் பாடத்தைக் கற்க இயலவில்லை. இதிலிருந்து விடுவிக்க வேண்டும்' என்பதே அதன் சாரம். அலுவலர்க்கு அது ஒரு தாள். ஆயினும், அதற்கு நேர்மையான விடை கூற முற்படும் பல்கலைக் கழகம், தான் வழங்கும் பட்டத்திற்குப் பொருள் யாது என்னும் பெரிய வினாவிற்கும் விடை கூறியே ஆக வேண்டும். அமெரிக்காவின் போஸ்டன் பல்கலைக் கழகத்தில் 1995 முதல் 1998 வரை நிகழ்ந்த பூசல் இதற்குத் தக்க சான்றாகும். அங்கே விலக்குக் கேட்கப்பட்டவற்றுள் முதன்மையானது மொழிப்பாடம்; விலக்கை மறுத்தவர் கையாண்டது ஒரு கற்பனைக் கதை. ஆதலின் மொழியாசிரியரும் எழுத்தாளரும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பதற்கு உரியது அது.

பொதுக் கல்வி வந்த வழி

பட்டம் பெற விரும்பும் மாணவர் தம் சிறப்புத் துறைக்கு அப்பாலும் சில பாடங்களைக் கற்றாக வேண்டும் என்னும் விதி, அமெரிக்கக் கல்லூரிகளில் தொன்றுதொட்டு ஒரே நிலையில் இருந்ததன்று. 1869ஆம் ஆண்டில் ஹார்வர்டின் தலைமைப் பொறுப்பை ஏற்ற சார்லஸ் எலியட், தாம் பணியாற்றிய நாற்பது ஆண்டுகளில் மாணவர் தாமே பாடங்களைத் தெரிந்தெடுக்கும் முறையை வளர்த்தார். அதன் பின்னர் எதிர்க்காற்று வீசிற்று. 1919இல் கொலம்பியாக் கல்லூரி, சமகால நாகரிகம் பற்றிய பாடத்தை மாணவர்க்குப் பொதுவாக்கிற்று. 1945இல் ஹார்வர்டு வெளியிட்ட அறிக்கை பொதுக் கல்வியின் இன்றியமையாமையை வலியுறுத்திற்று. 1969இல் பிரௌன் பல்கலைக் கழகமோ அத்தகைய கட்டாயங்களைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்று. கட்டாயப் பாடம் என்பது ஆசிரியர் கூடி ஆராய்ந்து மேற்கொண்ட தெரிவு. தெரிவுக்குக் காரணம் உண்டு. காலம் செல்லச் செல்ல விதி நிலைத்துவிடுகிறது. காரணம் மறதியில் மூழ்குகிறது. மறந்த காரணத்தை நினைவூட்டுபவர் பெரும்பாலும் விலக்குக் கேட்டு வாயிலில் வந்து நிற்கும் மாணவரே.

போஸ்டனில் நிகழ்ந்தது

போஸ்டன் பல்கலைக் கழகத்தின் கலை அறிவியல் கல்லூரியில் பட்டம் பெறுவோர், அயல்மொழி ஒன்றில் நான்காம் பருவ நிலை வரை தேர்ச்சி பெறுதல் வேண்டும் என்பது அந்நாளைய விதி. பெரும்பாலோர்க்கு இஃது உழைப்பால் கடக்கக்கூடிய மேடு. ஆனால் 'டிஸ்லெக்சியா' போன்ற கற்றல் குறைபாடு உடையவர் சிலர்க்கு எழுத்தையும் ஒலியையும் இணைத்தலே பெரும் போராட்டம். தாய்மொழியிலேயே அவ்வாறு போராடியவர்க்கு அயல்மொழி இருமடங்கு சுமையாகும்.

இத்தகையோர்க்கு உதவும் அலுவலகம் ஒன்று அப்பல்கலைக் கழகத்தில் இருந்தது. நாடறிந்த நற்பெயரும் அதற்கு உண்டு. தக்க சான்று காட்டிய மாணவர், அயல்மொழிக்கு மாற்றாக அயல்நாட்டுப் பண்பாடு பற்றி ஆங்கிலத்தில் நடத்தப்படும் பாடங்களைக் கற்க அது இசைவு அளித்து வந்தது. ஆகவே அவர்கள் பெற்றது முழு விலக்கன்று, மாற்றுப் பாடமே. 1995இல் இவ்வழக்கத்தை அறிந்த துணைத்தலைவர் ஜான் வெஸ்ட்லிங், பேராசிரியர்களின் ஒப்புதலின்றி இது நடைபெறுவதாகக் கண்டு நிறுத்தினார். 1996இல் அவரே பல்கலைக் கழகத் தலைவரும் ஆனார். சலுகை கேட்போரின் மருத்துவச் சான்று மூன்றாண்டுகளுக்கு மேற்படாததாக இருத்தல் வேண்டும் என்பது போன்ற புதிய நிபந்தனைகளும் தோன்றின. பல்கலைக் கழகத்தின் பழைய வாக்கை நம்பிச் சேர்ந்திருந்த மாணவர் திகைத்தனர். ஊனமுற்றோர் உரிமை காக்கும் 1973, 1990ஆம் ஆண்டுச் சட்டங்களின் துணையோடு அவர்களுள் சிலர் 1996இல் வழக்குத் தொடுத்தனர்.

சமந்தா என்னும் பாத்திரம்

வெஸ்ட்லிங் 1995இல் ஆற்றிய உரையொன்றில் ஒரு மாணவியைப் பற்றிக் கூறினார். அவள் பெயர் சமந்தா. வகுப்பின் முதல் நாளன்று அவள் ஒரு கடிதத்தோடு வந்து நின்றாளாம். தனக்குக் கற்றல் குறைபாடு உண்டு. முன் வரிசையில் இடம் வேண்டும். பாடக் குறிப்புகளின் படி வேண்டும். தேர்வில் மிகுநேரம் வேண்டும். அவ்வளவோடு அமையாமல், தான் வகுப்பில் உறங்கிவிடக் கூடும் என்றும், உறங்கிய வேளையில் நடந்த பாடத்தை ஆசிரியர் பின்னர் எடுத்துரைக்க வேண்டும் என்றும் கேட்டாளாம். அவையினர் நகைத்தற்குரிய சித்திரந்தான். 'உறங்கும் சமந்தா' என்னும் பெயரும் அவளுக்கு நிலைத்தது.

வழக்கு மன்றத்தில் உண்மை வெளிப்பட்டது. சமந்தா என்று ஒருத்தி இருந்ததே இல்லை. அவள் தம் படைப்பே என வெஸ்ட்லிங் ஒப்புக்கொண்டார்.

கற்பனைப் பாத்திரம் படைத்தல் குற்றமன்று. இலக்கியம் அதனால்தான் வாழ்கிறது. நல்ல நாவலாசிரியர் படைக்கும் மாந்தர் பிறந்து வளராதவரேயாயினும், பிறந்து வளர்ந்த பல்லாயிரவரின் உள்ளத்தை அவர்தம் வழியே காண இயலும். கற்பனை என்று தெரிந்தே படிப்பவர் அதனைப் படிக்கின்றனர். சமந்தாவோ இருவகையிலும் மாறுபட்டவள். கேட்டோர் அவளை உண்மை மாந்தர் என்று கொள்ளுமாறு அவள் அறிமுகம் செய்யப்பட்டாள். உண்மையில் வாழ்ந்த மாணவர்தம் துன்பத்தைக் காட்டாமல், அதனை மறைக்கும் திரையாகவும் அவள் பயன்பட்டாள். இரவெல்லாம் விழித்திருந்து ஒரு பக்கத்தைப் பலமுறை படித்தும் பொருள் கூட்ட இயலாத மாணவரை, உறக்கம் என்னும் ஒரே சொல்லால் சோம்பேறியாக்கிவிட்டது அக்கதை. இலக்கியத் திறனாய்வின் அளவுகோல் கொண்டு நோக்கினும் அது பழுதுபட்ட பாத்திரமே. ஏனெனில் அதனைப் படைத்தவர் தாம் முன்பே கொண்டிருந்த முடிவைத் தவிர வேறெதனையும் அதன்வழிக் கண்டறியவில்லை.

முதல் தீர்ப்பு

நீதிபதி பேட்டி சாரிஸ் 1997ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தீர்ப்பு வழங்கினார். பல்கலைக் கழகத்தின் நடவடிக்கைகளுள் சில சட்டத்திற்கு மாறானவை என்றும், ஆறு மாணவர்க்கு ஏறத்தாழ 30,000 டாலர் இழப்பீடு வழங்கப்பட வேண்டும் என்றும் அவர் முடிவு கூறினார். எனினும், 'மொழிப்பாடத்தை விலக்குக' என்று அவர் ஆணையிடவில்லை. ஈண்டுதான் தீர்ப்பின் நுட்பம் புலனாகிறது. இன்ன பாடம் பட்டத்திற்கு இன்றியமையாதது என முடிவு செய்யும் உரிமை கல்வியாளர்க்கே உரியது. ஆனால் அவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் கூடி ஆய்ந்து, மாற்று வழிகளை எண்ணிப் பார்த்து, காரணங் காட்டி முடிவு செய்திருக்க வேண்டும். இங்கே அவ்வாறு நடைபெறவில்லை. தலைமைப் பொறுப்பிலிருந்த ஒருவரின் ஐயமும் முன்முடிவுமே கோலோச்சின. ஆதலின் பேராசிரியர் கூடி ஆராய்க என்பதே நீதிபதியின் கட்டளை.

பேராசிரியர் குழுவின் விடை

பல துறைப் பேராசிரியர் அடங்கிய குழு கூடி ஆய்ந்தது. மாற்றுப் பாடம் வழங்குதல் பட்டத்தின் அடிப்படையையே மாற்றிவிடும் என்பது அதன் முடிவு. மொழிபெயர்ப்பில் படிப்பதும் மூலத்தில் படிப்பதும் ஒன்றல்ல. ஒரு மக்களின் மொழிக்குள் புகுந்து அவர்தம் பண்பாட்டை உள்ளிருந்து காண்பவர், தம் பண்பாட்டையும் புதிய கண்கொண்டு ஆராயத் தூண்டப்படுகிறார். ஆங்கிலத்தில் நடத்தப்படும் எந்தப் பாடமும் இப்பயனை முழுமையாகத் தாராது என்பன குழு காட்டிய காரணங்கள். 1998 மே மாதத்தில் நீதிபதி அம்முடிவை ஏற்றார். ஒத்த நிலையிலுள்ள பிற கல்வி நிறுவனங்கள் மாறான முடிவுக்கு வந்திருப்பினும், கரவின்றி ஆராய்ந்து கொண்ட கல்விசார் முடிவில் நீதிமன்றம் தலையிடாது என்பது தீர்ப்பின் கருத்து.

முன்னர் நீதிமன்றம் ஏற்காத மறுப்பும் பின்னர் அது ஏற்ற மறுப்பும் விளைவில் ஒன்றே. மாணவர்க்கு மாற்றுப் பாடம் கிட்டவில்லை. ஆயினும் முன்னதன் பின்னே இருந்தது ஒரு கட்டுக்கதை. பின்னதன் பின்னே இருந்தது ஒரு காரணம். கட்டுக்கதையோடு வாதிட இயலாது. காரணத்தோடு வாதிடலாம், அதன் குறை காட்டலாம், அது கூறியவாறு நடக்கின்றதா என்றும் வினவலாம்.

அவ்வாறு வினவுமிடத்துக் குழுவின் விடையிலும் குறை காணலாம். நான்கு பருவங்கள் பயின்று, தேர்வில் எவ்வாறோ தேறிய மாணவர், அம்மொழியின் பேரிலக்கியத்தை மூலத்தில் படித்துச் சுவைக்கும் நிலையை எய்திவிடுவாரா? பலர் வினைத்திரிபுகளை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவர் என்பது மொழி கற்பிப்போர் நன்கறிந்த உண்மை. குழு தன் காரணத்தை மொழிக் கல்வியின் உச்சியிலிருந்து எடுத்தது. விதியையோ அடிவாரத்தில் நிறுத்தியது. அடிவாரத்தை எட்டினாலே போதும் என்பவர், உச்சியின் பெயரால் ஒருவரைத் தடுத்தல் முற்றிலும் பொருந்தாது.

இக்குறையால் காரணம் பயனற்றதாகி விடவில்லை, அது கடனாகிறது. 'மொழி வழியே வேறோர் உலகைக் காட்டுகிறோம். ஆதலின் விலக்கு இல்லை' என்று கூறிய பல்கலைக் கழகம், அவ்வுலகை வகுப்பறையில் காட்டக் கடமைப்பட்டுவிட்டது. இலக்கண வாய்பாடுகளோடு பாடம் முடியுமாயின், விலக்கு மறுக்கப்பட்ட மாணவர்க்குச் சொல்லப்பட்ட காரணம் பொய்யாகிவிடும். அவர் இழந்ததற்கு ஈடாக எவரும் எதுவும் பெற்றிலர் என்றாகும்.

தமிழாசிரியர்க்கு ஒரு பாடம்

இப்பூசல் கடல் கடந்த நாட்டில் நிகழ்ந்ததாயினும் தமிழாசிரியர்க்கு அயலானதன்று. பல்கலைக் கழகத்தில் எழும் இவ்வினா பள்ளியிலும் எழுகிறது. சிங்கப்பூரில் தாய்மொழிப் பாடத்தைக் கடினமாகக் காணும் மாணவர்க்கெனத் 'தாய்மொழி பி' என்னும் எளிய பாடத்திட்டம் உண்டு. கற்றல் குறைபாடு முதலிய காரணங்களால் விலக்கே பெறுவோரும் உளர். தமிழிலிருந்து விலக்குக் கேட்டு ஒரு பெற்றோர் வந்து நிற்கும்போது ஆசிரியர் உள்ளத்தில் முதலில் எழுவது வருத்தம்; அடுத்து எழுவது ஐயம். 'பிள்ளை சோம்பியிருக்கிறான், பெற்றோர் மதிப்பெண்ணுக்கு அஞ்சுகின்றனர்' என்னும் எண்ணம் எளிதில் தோன்றும். சில வேளைகளில் அஃது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் விசாரியாமல் அவ்வாறு முடிவு செய்யும் ஒவ்வோர் ஆசிரியர் உள்ளத்திலும் ஓர் உறங்கும் சமந்தா பிறந்துவிடுகிறாள்.

'தமிழ் நம் தாய்மொழி. ஆதலின் கற்றே ஆக வேண்டும்' என்பது உணர்ச்சி மிக்க விடை. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாது கண் கலங்கும் பிள்ளைக்கு அது போதிய விடையன்று. தமிழில் அப்பிள்ளை எதனைப் பெறலாம், எவ்வழியில் பெறலாம், எழுத்தில் இயலாதது செவிவழியும் பேச்சுவழியும் இயலுமா என ஆய்ந்து கூறுவதே விடை. அவ்வாறு ஆய்ந்த பின் விலக்கு அளிப்பினும் மறுப்பினும் அது ஓர் ஆசிரியரின் முடிவாக மதிக்கப்படும்.

போஸ்டன் பல்கலைக் கழகம் இறுதியில் வென்றது. எனினும் அவ்வெற்றிக்கு வழி வகுத்தவர் அதனோடு வழக்காடிய மாணவரே. அவர் கேளாதிருந்தால் மொழிப்பாடம் ஏன் வேண்டும் என்பதை அக்கல்லூரிப் பேராசிரியர் கூடி எழுதியிரார். விலக்குக் கேட்டு வந்தவர் பாடத்தின் பகைவரல்லர். பாடத்தை அதன் உறக்கத்திலிருந்து எழுப்ப வந்தவர். உறங்கியது சமந்தா அன்று.