இறந்தோர்க்கு உரிய இடம்: ‘டான் ஆஃப் தி டெட்’ திரைப்படத்தின் குருதிக் காட்சிகளில் மெய்ப்பாடு

ஆய்வுச் சுருக்கம்

ஜார்ஜ் ஏ. ரொமேரோ இயக்கிய ‘டான் ஆஃப் தி டெட்’ (1978), அவரே இயக்கிய ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) படத்தின் தொடர்ச்சியாக வந்த அமெரிக்கத் திகில் படமாகும். நுகர்வுப் பண்பாட்டை எள்ளும் அங்கதமாகவே இப்படம் பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. இறந்தோரை மதித்தல் என்னும் வினாவைச் சுற்றியே இதன் குருதிக் காட்சிகள் அமைந்துள்ளன என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திகில் திரைப்படம், தொடர்ப்படம், ரொமேரோ, மெய்ப்பாடு, இளிவரல், இழவு

முன்னுரை

முதற்படத்தில் அச்சம் இருந்த இடத்தைத் தொடர்ப்படத்தில் குருதி பிடித்துக்கொள்கிறது என்பது திகில் படங்களைப் பற்றி நிலவும் பொதுக்கருத்து. மேலோட்டமாக நோக்கின் ‘டான் ஆஃப் தி டெட்’ இக்கருத்துக்கு ஏற்ற சான்றாகவே தோன்றும். முதற்படம் கறுப்பு வெள்ளையில் அமைந்தது, இது வண்ணப்படம். அதன் களம் ஒரு பண்ணை வீடு. இதன் களம் பென்சில்வேனியாவின் மன்ரோவில் வணிக வளாகம். வன்முறைக் காட்சிகளால் ‘எக்ஸ்’ தரச்சான்றே கிடைக்கும் என்ற நிலையில், அமெரிக்காவில் இப்படம் தரச்சான்று இன்றியே திரைக்கு வந்தது. எனினும் ரோஜர் ஈபர்ட் போன்ற விமர்சகர்கள் இதனை உயர்வாக மதிப்பிட்டனர். அருவருப்பூட்டும் காட்சிகள் மலிந்த ஒரு படம் எவ்வாறு மதிக்கத்தக்க கலையாகிறது என்பதே இங்கு எழும் வினா.

இவ்வினாவை அணுக மெய்ப்பாட்டியல் பொருத்தமான கருவியாக அமைகிறது. தொல்காப்பியர் சுட்டும் எட்டு மெய்ப்பாடுகளுள் இளிவரலும் அச்சமும் தனித்தனியானவை. மூப்பு, பிணி முதலியவற்றால் பிறப்பது இளிவரல். அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு ஆகியவற்றோடு கள்வரும் ஆள்வோரும் எண்ணப்படுகின்றனர். நகைக்கு எள்ளலும் அழுகைக்கு இழவும் நிலைக்களன்களுள் அடங்கும். ரொமேரோவின் படத்தில் இந்நான்கு மெய்ப்பாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பொருளின் மீது, அதாவது இறந்த உடலின் மீது, எழுப்பப்படுகின்றன.

ஆள்வோரால் எழும் அச்சம்

படத்தின் தொடக்கத்தில் இறந்தோர் எழுந்து நடந்து உயிருள்ளோரைத் தின்று வருகின்றனர். இறந்தவர் உடல்களை அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அரசின் ஆணை. பிலடெல்பியாவில் கறுப்பினத்தவரும் புவேர்ட்டோ ரிக்கோ மக்களும் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று அவ்வாணைக்குப் பணிய மறுக்கிறது. ஆயுதக் காவற்படை உள்ளே நுழைகிறது. இனவெறி கொண்ட காவலர் ஒருவர் கதவுகளை உடைத்துக் கண்ணிற்பட்டவரைச் சுடுகிறார். நடைபிணங்கள் திரையில் நிறையும் முன்பே துப்பாக்கி ஏந்திய அரசே அச்சத்தின் நிலைக்களனாகிவிடுகிறது.

படத்தின் முதற்பெரும் குருதிக் காட்சியும் இங்கேயே நிகழ்கிறது. உயிர்த்தெழுந்த கணவனைக் கண்ட மனைவி அவனைத் தழுவிக்கொள்கிறாள். அவன் அவள் தோளையும் கையையும் கடித்துச் சதையைப் பிய்க்கிறான். காண்போரை முகம் திருப்பச் செய்யும் இக்காட்சியின் வலிமை பிய்ந்த சதையில் மட்டும் இல்லை. தழுவியவளுக்கு அது பிணமன்று, கணவன். இளிவரல் முழுமை பெறும் கணத்திலேயே இழவின் துயரும் உடன் நிற்கிறது.

அக்கட்டடத்தின் நிலவறையில் குடியிருப்போர் தம் இறந்தோரை மறைத்து வைத்துள்ளனர். துணிகளில் சுற்றப்பட்ட உடல்கள் அங்கு நெளிகின்றன. இவர்கள் ஏன் இவற்றை வைத்திருந்தனர் என வியக்கும் ரோஜருக்கு, இறப்பில் இன்னும் மதிப்புண்டு என இவர்கள் நம்புவதே காரணம் என்று பீட்டர் விடை தருகிறான். பின்னர் அவனே கண்ணீரோடு அவ்வுடல்களை ஒவ்வொன்றாகச் சுடுகிறான். படம் முழுமைக்கும் அடிப்படையான முரண் இது. இறந்தோரை மதிப்பவர் அவர்களாலேயே அழிவர். உயிர் பிழைக்க விரும்புவோர் அம்மதிப்பைக் கைவிட வேண்டும். கைவிட்டபின் எஞ்சுவது எது என்பதையே அடுத்த இரண்டு மணி நேரக் கதை சோதிக்கிறது.

எள்ளலும் நகையும்

பீட்டர், ரோஜர், தொலைக்காட்சி நிலையத்தைச் சேர்ந்த பிரான்சின், ஸ்டீபன் ஆகிய நால்வரும் ஹெலிகாப்டரில் தப்பிச் செல்கின்றனர். வழியில் நாட்டுப்புற வேட்டையர் பீர் அருந்தியபடி நடைபிணங்களைச் சுட்டு மகிழ்வதைப் படம் காட்டுகிறது. நிலவறையில் கண்ணீரோடு செய்யப்பட்ட செயல் இங்கு விடுமுறைநாள் விளையாட்டாகியுள்ளது.

வணிக வளாகத்தில் இம்மாற்றம் நிறைவுறுகிறது. பளபளப்பான தளங்களில் பிணங்கள் வழுக்கி விழுகின்றன. நகரும் படிகளில் தடுமாறுகின்றன. பின்னணியில் கேலியான இசை ஒலிக்கிறது. அவை இங்கு வருவதற்குக் காரணம் பழைய நினைவின் எச்சமே எனப் படம் விளக்குகிறது. நுகர்வுப் பண்பாட்டு விமர்சனம் என்னும் வாசிப்பு இவ்விடத்தில்தான் வேர்கொள்கிறது. ஊக்கமின்றி வாழ்வோரை நடைபிணம் எனச் சுட்டுவது தமிழ் வழக்கு. அவ்வழக்கில் உருவகமாக நிற்பது இப்படத்தில் காட்சியாக நடக்கிறது.

ஆயினும் இவ்வாசிப்பு ஒன்றைக் கவனியாது விடுகிறது. இங்குச் சிரிப்பவர் பார்வையாளர். அவர் நகைப்பது நிலவறையில் துணி சுற்றிக் கிடந்த அதே வகை உடல்களைக் கண்டே. ஒப்பனைக் கலைஞர் டாம் சவீனி வியட்நாம் போரில் படைப்பிரிவுப் புகைப்படக்காரராகப் பணியாற்றியவர்; சிதைந்த உடலை நேரில் கண்டவர். எனினும் இப்படத்தின் குருதி மிகைச்சிவப்பாக, வண்ணச்சாந்து போல் மின்னுகிறது. இந்நிறம் சவீனிக்கு நிறைவளிக்கவில்லை; சித்திரக்கதைத் தன்மைக்கு அது பொருந்துவதாக ரொமேரோ கருதினார். அச்செயற்கைச் சிவப்பே நகைக்கு இடமளிக்கிறது. குருதி குருதியாகத் தோன்றாதபோது கொலையும் கொலையாகத் தோன்றுவதில்லை.

பிரான்சின் மட்டும் இந்நகையில் முழுமையாகக் கலப்பதில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் விளையாட்டுச் சீருடை அணிந்த நடைபிணம் ஒன்று அமர்ந்து அவளை நோக்குகிறது. அவளும் அதனை நோக்குகிறாள். துப்பாக்கியும் குருதியும் அற்ற இச்சிறு காட்சி, எள்ளப்பட்ட உடலுக்கு ஒரு முகத்தை மீட்டுத் தருகிறது.

இழவு

வெற்றிக் களிப்பில் கவனமிழக்கும் ரோஜர் கடிபடுகிறான். வேட்டை விளையாட்டாகியதன் நேரடி விளைவு இது. இறக்கும் தறுவாயில், திரும்பி வராதிருக்கத் தான் முயல்வதாக அவன் பீட்டரிடம் கூறுகிறான். பீட்டர் துப்பாக்கியுடன் எதிரே அமர்ந்து காத்திருக்கிறான். போர்வை அசைகிறது, ரோஜர் எழுகிறான், பீட்டர் சுடுகிறான்.

இதுகாறும் எத்தனையோ தலைகள் குண்டுபட்டுச் சிதறின. அவற்றுள் எதுவும் இத்துணைக் காத்திருப்புடன் காட்டப்படவில்லை. ரோஜர் வளாகத்தினுள் உள்ள செடிப்பாத்தியில் புதைக்கப்படுகிறான். வாங்குவதற்கு எல்லாம் கிடைக்கும் அவ்விடத்தில் ஒரு கல்லறைக்கு மட்டும் முன்னேற்பாடு இல்லை. குடியிருப்பு மக்கள் காக்க முயன்ற மதிப்பை, அதனைத் தகர்க்கச் சென்ற காவலனே இங்குத் தன் நண்பனுக்குச் செய்கிறான். நிலவறைக் காட்சிக்கும் இக்காட்சிக்கும் உள்ள இவ்வுறவே படத்தின் முதுகெலும்பு.

கள்வரும் உடைமையும்

இறுதிப் பகுதியில் மோட்டார் சைக்கிள் கூட்டத்தினர் வளாகத்தைக் கொள்ளையிடுகின்றனர். நடைபிணங்களின் முகத்தில் பழப்பணியாரங்களை எறிந்து சிரிக்கின்றனர். அவற்றின் நகைகளைப் பறிக்கின்றனர். முன்பு பார்வையாளர் கொண்ட எள்ளல் இவர்களிடம் வெளிப்படையான கொடுமையாக வளர்ந்து நிற்கிறது. வளாகத்தைத் தம் உடைமை எனக் கருதும் ஸ்டீபன் அவர்களை எதிர்த்துச் சுட்டு, அதன் விளைவாகவே கடிபட்டு இறக்கிறான். எழுந்து வரும் அவன், மறைவிடத்துக்குச் செல்லும் வழியை நடைபிணங்களுக்குக் காட்டிக்கொடுக்கிறான். உடைமை நினைவு உயிர் போன பின்னும் அழிவதில்லை. நுகர்வு விமர்சனம் கூர்மை பெறும் இடமும் மதிப்பு முற்றிலும் இழக்கப்படும் இடமும் ஒன்றே.

குறைகள்

இவ்வமைப்பு எங்கும் ஒரே சீராக நிற்கவில்லை. கொள்ளையரின் குடல்கள் பிடுங்கப்படும் காட்சிகளில் ஒப்பனைத் திறன் தன்னையே காட்டிக்கொள்ள முற்படுகிறது. ‘எவ்வாறு இதைச் செய்தனர்’ என்ற வியப்பு எழும்போது இளிவரல் மருட்கையாகத் திரிந்துவிடுகிறது. அங்குப் படத்தின் அறவினா தற்காலிகமாக மறக்கப்படுகிறது. இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. இறப்பின் மதிப்பை முதலில் உணர்த்திய குடியிருப்பு மக்கள் பெயரின்றியே மறைகின்றனர். அவர்களின் இழவு, பெயருள்ள ஒருவனின் மரணத்தின் வழியாகவே படத்தில் நிறைவு பெறுகிறது. பெயரற்றோரின் சாவுக்கு மதிப்பில்லாமற் போவதைச் சாடும் படம், தானும் அவர்களைப் பெயரற்றோராகவே விட்டுச் செல்கிறது.

முடிவுரை

‘டான் ஆஃப் தி டெட்’ படத்தில் குருதி மிகுந்தமை அச்சம் குன்றியதன் அடையாளமன்று. அச்சம், இளிவரல், நகை, அழுகை என ஒரே உடலின் மீது மாறிவரும் மெய்ப்பாடுகள், காண்போர் எப்போது சிரிக்கத் தொடங்கினர் என்பதை அவர்களுக்கே உணர்த்துகின்றன. பீட்டரும் கருவுற்ற பிரான்சினும் எரிபொருள் குறைந்த ஹெலிகாப்டரில் புறப்படுகின்றனர்; வளாகம் மீண்டும் நடைபிணங்களுக்கே உரியதாகிறது; அதே கேலி இசை ஒலிக்கிறது. முதலில் நகைப்பூட்டிய அவ்விசை இறுதியில் அவ்வாறு ஒலிப்பதில்லை. செடிப்பாத்தியில் ஒருவன் புதைக்கப்பட்டிருப்பதைக் காண்போர் அறிவர். தொடர்ப்படங்களின் வன்முறையை மதிப்பிடுங்கால், சிந்தப்பட்ட குருதியின் அளவைக் காட்டிலும், அக்குருதிக்கு உரியவன் யாருக்கு உறவு என்பதை நினைக்கப் படம் இடந்தருகிறதா என்பதே தக்க அளவுகோலாகும்.