கே2-18பி: அளவீடும் கற்பனையும்

வானியற் செய்திகளை இலக்கிய விமரிசனத்தின் எல்லைக்குட் கொணர்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், எவரும் காணாத உலகமொன்றைச் சொற்களாற் படைத்து வாசகர்முன் வைக்கும் எழுத்து எதுவாயினும் அது விமரிசனத்துக்குரியதே என நாம் கருதுகிறோம்.

சிம்மராசி விண்மீன் கூட்டத்தில், ஏறத்தாழ 124 ஒளியாண்டுத் தொலைவில், செங்குறுவிண்மீன் ஒன்றை 33 நாட்களுக்கொருமுறை சுற்றிவரும் கே2-18பி என்னும் கோள் 2015 இல் அறியப்பட்டது. அதன் ஆரை பூமியினதைப்போல் 2.6 மடங்கு; திணிவு எட்டு மடங்கிற்குச் சற்று மேல். எந்தத் தொலைகாட்டியும் அக்கோளின் உருவைக் கண்டதில்லை. விண்மீனின் சிறு தள்ளாட்டமும், கோள் குறுக்கே செல்கையில் விண்மீனொளி குறையும் அளவும், கோளின் வளிமண்டல விளிம்பினூடாக வரும் ஒளியின் நிறமாலையுமே நமக்குள்ள சான்றுகள். பத்திரிகைகளில் நாம் கண்ட நீலக் கடலும் வெண்முகிலும் ஓவியரின் கைவண்ணம். ஓவியமே இஃதென்ற குறிப்பு, மறுபிரசுரங்கள் பலவற்றில் முதலில் உதிர்ந்துவிடுகிறது.

2019 இல் ஹபிள் தரவுகளைக் கொண்டு நீராவி உண்டென அறிவிக்கப்பட்டது. 2023 இல் ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி மெதேனையும் காபனீரொட்சைட்டையும் காட்டியது. நீராவிக்கோ உறுதியான சான்று கிட்டவில்லை. 2025 ஏப்ரிலில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் குழுவொன்று இருமெதயில் சல்பைட்டின் அறிகுறியை அறிவித்தது. பூமியில் அவ்வாயு பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களின் விளைபொருள். ஆயின் குழுவினர் காட்டிய சான்றின் வலு மூன்று சிக்மா மட்டுமே. கண்டுபிடிப்பென ஏற்பதற்கு வழமையாக வேண்டப்படுவது ஐந்து. அதே தரவுகளை மீளாய்ந்த பிறர் சான்று போதாதென்றனர். உயிரற்ற வால்வெள்ளியொன்றிலும் அச்சேர்வை உண்டென்பது 2024 இலேயே வெளிவந்த செய்தி. ஆய்வுக்கட்டுரையில் ஐயப்பொருளில் நின்ற வினைச்சொல், செய்தித் தலைப்பை அடையும்பொழுது துணிவுப்பொருளுக்கு மாறிவிடுகிறது. நமது அக்கறை இம்மாற்றத்தின் மீதே.

இதற்கு முன்னோடியுமுண்டு. 1877 இல் ஷியாபரெல்லி தாம் செவ்வாயிற் கண்ட கோடுகளைக் ‘கனாலி’ என்றார். அவ்வித்தாலியச் சொல் இயற்கையான நீர்த்தடத்தையும் குறிக்கும்; ஆங்கிலத்தில் அது வெட்டப்பட்ட கால்வாயாகியது. பேர்சிவல் லோவல் அதன்மேல் ஒரு நாகரிகத்தையே எழுப்பினார். 1965 இல் மரைனர் 4 அனுப்பிய படங்களிற் கால்வாய்கள் இல்லை. எச். ஜி. வெல்ஸ் 1898 இல் நூலாக வெளியிட்ட ‘உலகங்களின் போர்’ நாவலின் செவ்வாய் மாந்தரும் கற்பனையே. ஆனால் வெல்ஸ் அதனை நாவலென்றே தந்தார். தஸ்மேனிய மக்களின் அழிப்பை முதல் அத்தியாயத்திலேயே நினைவூட்டி, பேரரசின் வாசகனை ஆக்கிரமிக்கப்பட்டோரின் இடத்தில் நிறுத்தினார். லோவலின் கற்பனை அளவீட்டின் உடையணிந்து வந்தது. எனவே கற்பனையை விஞ்ஞானத்தின் பகையெனக் கொள்வாருடன் நாம் உடன்படோம். பெயர் மறைத்து வரும் கற்பனையே கண்டனத்துக்குரியது.

கே2-18பியின் வளிமண்டலத்தின் கீழ் கடல் உளதா, உருகிய பாறை உளதா, ஆழ்ந்த வாயுவே உளதா என்பது இன்னும் தீராத வினா. உருகிய பாறையை வரைந்த ஓவியத்தை நாம் எந்தப் பத்திரிகையிலும் கண்டிலோம்.