பிவிசி குழாயில் ஓடும் அமேசான்

ஒரு மீட்டர் நீளமுள்ள பிவிசி குழாயின் வாயில் ரப்பர் மட்டையால் அடித்துவிட்டு, மட்டையை அங்கேயே அழுத்தி வைத்திருங்கள். கனத்த கீழ்ஸ்தாயிச் சுரம் ஒன்று எழும். அடித்த வேகத்திலேயே மட்டையை எடுத்துவிட்டால் அதே குழாய் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி மேலே பேசும். ஒரு வாய் அடைபட்டிருக்கும்போது குழாய்க்குள் இருக்கும் காற்று அதிர்வது ஒரு விதம், இரண்டு வாயும் திறந்திருக்கும்போது வேறு விதம். வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் மட்டை விழுவதைப் பக்கத்தில் இருந்து கேட்டவர்களுக்கு இந்த ஒலி எந்த இனம் என்று உடனே பிடிபட்டுவிடும். தண்ணீர் போகச் செய்த குழாயை மேளமாகவும் குழலாகவும் ஒருசேர வேலை வாங்கி, நடனத்துக்கும் சினிமாவுக்கும் இசை தந்தவர்கள் பிரேசில் நாட்டின் உவாக்தி குழுவினர்.

குழுவின் மூளை மார்க்கோ அந்தோனியோ கிமராய்ஸ். செல்லோ படித்தவர். சல்வடோர் நகரில் பாஹியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது வால்டர் ஸ்மெடாக் என்ற விசித்திர மேதையின் பட்டறைக்குள் நுழைந்தார். ஸ்விட்சர்லாந்தில் பிறந்து பிரேசிலில் குடியேறிய செல்லோ கலைஞர் ஸ்மெடாக். சுரைக்குடுக்கை, கம்பு, கம்பி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வைத்து, பார்த்தால் சிற்பம், தொட்டால் வாத்தியம் என்று சொல்லத்தக்க பொருள்களைச் செய்துகொண்டிருந்தார். அந்தப் பட்டறைதான் கிமராய்ஸுக்கு உண்மையான குருகுலம். ஊர் திரும்பிய அவர் 1978இல் பெலோ ஹொரிசோன்ட் நகரில் உவாக்தியைத் தொடங்கினார். உடன் நின்றவர்கள் புல்லாங்குழல் கலைஞர் அர்துர் அந்த்ரெஸும், தாளக் கலைஞர்களான பாவ்லோ சாந்தோஸ், தேசியோ ராமோஸ் இருவரும். ஏட்டு இசையில் முறையாகத் தேறியவர்கள். வாத்தியம் வாங்க வக்கில்லாமல் குழாயை எடுத்தவர்கள் அல்லர். தங்கள் காதுக்குள் இருந்த ஒலி எந்தக் கடையிலும் கிடைக்காததால் எடுத்தவர்கள்.

குழுவின் பெயர் அமேசான் பகுதியின் துகானோ பழங்குடிகளின் கதையிலிருந்து வந்தது. உடம்பெங்கும் துளைகளோடு உவாக்தி என்றொரு உயிர் ஆற்றங்கரையில் திரிந்தது. காற்று புகுந்து புறப்படும்போதெல்லாம் அதன் மேனியே பாடியது. பெண்கள் மயங்கினார்கள், ஆண்கள் பொறாமையில் அதைக் கொன்று புதைத்தார்கள். புதைத்த இடத்தில் பனை முளைத்தது. அந்த மரத்தில் செய்த குழல்களில் பழைய இசை திரும்பி வந்தது. உடம்பே வாத்தியம் என்கிற இந்தக் கற்பனையைக் கையில் வைத்துக்கொண்டவர்கள் நடனத்திடம் போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை.

வாத்தியங்களைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ‘தோரி’ என்பது நிமிர்ந்து நிற்கும் ஒரு குழாய். அதன் மேனியில் நெடுக்காகத் தந்திகள். ஒருவர் குழாயைச் சுழற்ற, இன்னொருவர் வில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நாம் பார்த்த வாத்தியங்களில் வில்தான் போய்வரும், தந்தி நிற்கும். இங்கே தந்திகள் வந்து வில்லில் உரசிவிட்டுப் போகின்றன. வில் திரும்புகிற இடத்தில் வருகிற அந்தச் சின்ன மூச்சு இதில் இல்லவே இல்லை. விடாத ரீங்காரம், அதற்குள் மெல்லிய அலை. ‘திரிலோபிதா’வில் தோல் போர்த்திய குழாய்கள் வரிசையாக நிற்கும், இரண்டு பேர் விரல்நுனியால் வாசிப்பார்கள். கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிச் செய்த மரிம்பா இன்னொன்று. மரிம்பா என்றால் மரம் என்று பழகிய காதுக்கு, ஈரமும் குளிர்ச்சியுமான அந்தக் கண்ணாடி நாதம் முதலில் திகைப்பு, பிறகு பித்து.

எனக்கு இவர்களிடம் மிகவும் பிடித்தது ஒன்று. வாத்தியம் செய்வதும் மெட்டமைப்பதும் இவர்களுக்குத் தனித்தனி வேலைகள் அல்ல. குழாயை எந்த நீளத்தில் அறுப்பது என்று முடிவு செய்யும்போதே சுரம் முடிவாகிறது. குழாய்களை எந்த வரிசையில் நிறுத்துவது என்பதில் கை போகும் வழி முடிவாகிறது. கை போகும் வழியில் தாளம் பிறக்கிறது. ரம்பத்தை எடுக்கும்போதே இசையமைப்பு தொடங்கிவிடுகிறது.

இது முழுதாகப் பலித்தது நடன மேடையில். பெலோ ஹொரிசோன்டிலேயே 1975இல் தொடங்கிய க்ரூப்போ கோர்ப்போ நடனக் குழுவுக்காக கிமராய்ஸ் அமைத்த ‘21’, 1992இல் அரங்கேறியது. நடன அமைப்பு ரொட்ரிகோ பெடர்னெய்ராஸ். 21 என்ற எண்ணைப் பிரித்தும் சேர்த்தும் கட்டிய தாளங்கள் இதன் எலும்புக்கூடு. மிஸ்ரத்திலும் கண்டத்திலும் ஊறிய நம் காதுக்கு இந்தக் கணக்கு அந்நியமாகவே படாது. ஆனால் கணக்கு மட்டும் ஆட வைக்காது. குழாயில் மட்டை விழும்போது சுரத்துக்கு முன்னால் ஒரு காற்றுத் தள்ளல் வருகிறது. ஆடுபவரின் இடுப்பு அந்தத் தள்ளலில்தான் நகர்கிறது என்று எனக்குப் படுகிறது. சுரம் நீண்டு இழுபடாமல் சட்டென்று அடங்குவதால் அடிக்கும் அடிக்கும் நடுவே வெற்றிடம் மிஞ்சுகிறது. கால்களுக்கு அந்த இடம் வேண்டும். வயலின் கூட்டம் அந்த இடத்தையெல்லாம் நிரப்பிவிடும்.

இதே க்ரூப்போ கோர்ப்போவின் நடனத்துக்காக அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் எழுதிய இசையைக் கிமராய்ஸ் உவாக்தியின் வாத்தியங்களுக்கு மாற்றி அமைத்தார். 1999இல் ‘அகுவாஸ் தா அமசோனியா’ என்ற ஆல்பமாக அது வெளிவந்தது. ஷிங்கு, மதெய்ரா, தபஜோஸ், புருஸ் என்று ஏறக்குறைய எல்லா உருப்படிகளுக்கும் அமேசான் நதிகளின் பெயர்கள். கிளாஸின் இசை ஒரே சரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது. மின்னணு விசைப்பலகையில் கேட்கும்போது சில சமயம் எனக்கு அலுத்திருக்கிறது. இங்கே அலுப்பதில்லை. கையால் அடிக்கிற குழாயில் எந்த இரண்டு அடியும் ஒன்றுபோல் விழாது. சரம் அதேதான், அதன் மேனி மட்டும் மாறிக்கொண்டே போகிறது. கிளாஸின் இசை வேறெங்கும் இவ்வளவு உயிரோடு ஒலித்து நான் கேட்டதில்லை.

சினிமாவில் இவர்களின் உச்சம் 2008இல் வந்த ‘பிளைன்ட்னஸ்’. தமிழிலும் வந்துவிட்ட ஜோஸே சரமாகோவின் நாவலை பெர்னாண்டோ மெய்ரெல்லெஸ் படமாக்கினார். ஊரே ஒவ்வொருவராகப் பார்வையிழக்கிற கதை. வயலினும் பியானோவும் ஒலித்த உடனே இது துக்கம், இது பயம் என்று நம் மனம் முத்திரை குத்திவிடும். அத்தனை படங்களில் கேட்டிருக்கிறோம். இந்தப் படத்துக்குக் கிமராய்ஸ் அமைத்த இசைக்கு அப்படி முத்திரை குத்த வழியில்லை. உரசுவது கம்பியா கண்ணாடியா, வருவது மூச்சா காற்றா என்று காது தடவித் தடவித் தேடுகிறது. திரையில் மனிதர்கள் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறார்கள். படத்தைப் பற்றிப் பலருக்குப் பல குறைகள் உண்டு. இசையைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

பாடகர்கள் மில்டன் நாசிமெந்தோவும் பால் சைமனும் உவாக்தி குழுவினரைத் தங்கள் ஆல்பங்களில் வாசிக்க வைத்தார்கள். பலருக்கு அதுதான் அறிமுகம். அந்தப் பாடல்களில் உவாக்தி ஊறுகாய் அளவுக்குத்தான் கிடைக்கும். அதை வைத்து எடை போட்டுவிடக் கூடாது. குழு 2015இல் கலைந்துவிட்டது. கேட்கத் தொடங்குபவர்கள் ‘அகுவாஸ் தா அமசோனியா’விலிருந்து தொடங்குங்கள், கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் வேண்டாம், குழாய்களின் கீழ்ஸ்தாயி அதில் அடியோடு காணாமல் போய்விடும். நல்ல ஹெட்போன் போதும். அடுத்து ‘21’, அதைக் காதால் மட்டும் கேட்காமல் நடனத்தோடு பாருங்கள்.